நகரத்தார் வளவு வீடு

பாண்டி நாட்டின்கண் காரைக்குடி, தேவகோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்து கிடப்பது செட்டிநாடு. மழை அருகிய அந்நிலத்தே, ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவிற் பின்கட்டுமாக நீண்டு நிற்கும் பெருவீடுகள் நிரை நிரையாகக் காணப்படும். அவற்றுள் மிகப் பெரியன பல 20-ஆம் நூற்றாண்டின் முதல் நாற்பது ஆண்டுகளுள் எழுந்தவை. காண்போர் பர்மாவின் தேக்கினையும், இலங்கையின் முதிரையினையும், இத்தாலியின் சலவைக்கல்லினையும் எண்ணி வியந்து அமைவர். வீட்டின் பெருமை அப்பொருள்களோடு முடிந்ததெனக் கொள்ளுதல் பொருந்தாது.

முகப்பும் திண்ணையும் ஆடவர் வந்தாரை வரவேற்றுக் கணக்குப் பார்க்கும் இடம். அதன் பின்னது வளவு. வளவிற்கு அப்பால் இரண்டாங்கட்டும் மூன்றாங்கட்டும் சமையற்கும் பெண்டிர் புழக்கத்திற்கும் உரியன. வளவாவது, நடுவே வானம் நோக்கிய முற்றமும், அதனைச் சூழத் தூண் நிரையும், தூண்களின் பின்னே அறைகளும் உடையது. அவ்வறைகள் தனியொருவர் விருப்பம் நோக்கி அமைந்தன அல்ல. மணமுடித்த மகன் ஒவ்வொருவற்கும் ஒன்றாக அமைந்தன. அவனும் அவன் மனைவியும் ஒரு ‘புள்ளி’ எனப்படுவர். மணமான பின்னர்ப் பெற்றோர் அவர்களை ‘வேறு வைப்பர்’. அஃதாவது உலையும் செலவும் தனி, கூரையும் முற்றமும் பொது.

இப்புள்ளிக் கணக்கு வீட்டளவில் நின்றதன்று. இளையாற்றங்குடி முதலாகப் பிள்ளையார்பட்டி ஈறாக நகரத்தார்க்குரிய சிவாலயங்கள் ஒன்பது. குடும்பம் ஒவ்வொன்றும் அவற்றுள் ஒன்றைச் சார்ந்தது. கோயிலுக்கு இறுக்கும் வரியும் புள்ளி வழியே. திருமணத்திற்கு அக்கோயிலினின்று மாலை வருதல் வேண்டும். ஆகவே அறை ஒரு புள்ளியைக் குறித்தது. அப்புள்ளி கோயிற் கணக்கில் ஏறியது. ஒரு குலத்தின் ஏடு சுவரும் தூணுமாக எழுதப்பட்டிருந்தது என்னலாம்.

தொழில்வன்மையும் குறைவுடையதன்று. சுண்ணாம்பினை நன்கு அரைத்து, முட்டையின் வெண்கருவும் சேர்த்துப் பூசித் தேய்த்த சுவர் கண்ணாடிபோல் ஒளிரும். வெயிற்காலத்தும் தொட்டாற் குளிர்ந்திருக்கும். ஆத்தங்குடித் தளக்கற்கள் சூளையிற் சுடப்படுவன அல்ல. கண்ணாடித் தகட்டின்மீது வண்ணச் சாந்து வார்த்து, மணலும் சிமெண்டும் இட்டு, நீரில் ஊறவைத்து ஆக்கப்படுவன. முகப்பின் மேலே திருமகளுக்கு அருகில் ஆங்கிலச் சிப்பாயும் சுதையில் நிற்பான். இதனை நகைப்பாரும் உளர். கட்டியவர் காலம் அதுவாகலின் நகைத்தற்கு யாதுமில்லை.

பொருள் வந்த வழியை மறைத்தலுந் தகாது. 1852-இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் வயமாயிற்று. 1869-இல் சூயசுக் கால்வாய் திறந்தது. அரிசி வாணிகம் பெருகிற்று. அவ்வுழவர்க்கு நகரத்தார் கடன் கொடுத்தனர். 1929-30-இல் ஆராய்ந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, அங்கிருந்த அவர்தம் கடைகளை 1,650 அளவினவாகவும் முதலினை 75 கோடி ரூபாயாகவும் மதித்தது. அதனை அடுத்து அரிசி விலை வீழ்ந்தது. கடன் தீராத நிலங்கள் கொடுத்தவர் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர் நிலவுடைமை, 1930களின் பிற்பகுதியில் 25 பங்காயிற்று. இலாபத்தின் ஒரு பகுதி மகமையாகச் சிவாலயத் திருப்பணிக்குச் சென்றது மெய். நிலமிழந்த பர்மிய உழவர் பலர் என்பதும் மெய். இவ்வீடுகளின் வரலாறு எழுதுவார் இரண்டனையும் எழுதுதல் வேண்டும்.

1942-இல் சப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றினர். 1948-இல் பர்மா அரசு நிலங்களைப் பொதுவாக்கும் சட்டம் செய்தது. வருவாய் அற்றது, வீடு நின்றது. பிள்ளைகள் பிழைப்பு நோக்கிப் பேரூர்களுக்குச் சென்றனர். தலைமுறைதோறும் பங்காளிகள் பெருகினர். ஒருவர் தாமே விற்றலும் ஆகாது. பிறர் பங்கிற்குத் தாமே செலவிட்டுப் பழுது பார்ப்பாரும் அரியர். எந்தப் பொதுவுடைமை வீட்டைத் துண்டாகாமற் காத்ததோ, அதுவே ஓட்டின் ஒழுக்கை அடைப்பாரின்றி உத்திரம் உளுக்கவும் காரணமாயிற்று. பங்காளிகள் ஒருமனப்படுங்காலும், பிரித்து விற்கவே ஒருமனப்படுவது பலகால் நிகழ்ந்தது. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் அவ்வாறு பெயர்த்த தூணும் கதவும் விலையாகின்றன. தூண் அழியவில்லையே என்பர். அற்றன்று, விடுதியின் கூடத்தே நிற்கும் தூண் தான் எப்புள்ளியின் அறைமுன் நின்றதென உரையாது.

2014-இல் இந்திய அரசு செட்டிநாட்டின் 11 ஊர்களை, உலக மரபுச் சின்னமாதற்குரிய தற்காலிகப் பட்டியலில் யுனெசுகோவினிடம் பதிவித்தது. அப்பட்டியல் தானே ஓர் ஓட்டையும் மாற்றாது. பங்காளிகள் பொதுநிதி வைத்துக் கூரை காக்கும் வீடுகளும் உள. ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடந்தும், திருமணத்திற்கோ முன்னோர்க்குச் செய்யும் படைப்பிற்கோ அவர்கள் கூடுங்கால் அறைக்கதவுகள் திறக்கப்படுகின்றன; எவ்வறை எவர்க்குரியது என்பதை ஆச்சிமார் பேரப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுகின்றனர்.