பினாங்கு வீட்டுத் தோட்டமும் கோழி வளர்ப்பும்

மலேசியாவின் பினாங்குத் தீவில், குறிப்பாக ஜார்ஜ் டவுன் நகரிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும், வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் காய்கறி, கீரை, வாசனைச் செடிகளோடு சில கோழிகளையும் சேர்த்து வளர்க்கும் பழக்கம் பினாங்கு வீட்டுத் தோட்டம் எனப்படும். விற்பனைக்காக நடத்தப்படும் காய்கறித் தோட்டங்களும் கோழிப் பண்ணைகளும் இதில் சேரா. செடியும் கோழியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதே இம்முறையின் அடிப்படை. கோழியின் எச்சம் செடிக்கு உரமாகிறது. செடியின் கழிவும் அதை அண்டும் பூச்சியும் நத்தையும் கோழிக்குத் தீனியாகின்றன.

பெயர்களும் சொற்களும்

மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு. தீவின் பெயரே கொல்லைப்புற மரம் ஒன்றின் பெயர்தான். தமிழில் இத்தகைய நிலத்தைக் கொல்லை, புழக்கடை என்று சொல்வது பழைய வழக்கு. பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும், சாம்பலும் சாணமும் அவரைப் பந்தலடிக்கும் போவது புழக்கடை வாழ்க்கை. மலாயாவுக்கு வந்த தமிழர் இந்தச் சொற்களோடு ‘கம்போங்’ என்ற மலாய்ச் சொல்லையும் ‘கம்பம்’ என்று தமிழாக்கிக்கொண்டனர். அவிழ்த்துவிட்டு வளர்க்கும் நாட்டுக்கோழிக்குக் ‘கம்பத்துக் கோழி’ என்ற பெயர் அப்படி வந்தது.

செடிப் பெயர்கள் இரு திசையிலும் கடல் கடந்துள்ளன. முருங்கை மலாயில் ‘மெருங்கை’ ஆயிற்று. மலாயர் ‘செக்குர் மானிஸ்’ என்று அழைக்கும் கீரைச்செடி தமிழ்நாட்டுக்கு வந்தபோது பெயரையும் கூடவே கொண்டுவந்தது. தவசிக்கீரை என்ற பெயர் இருந்தும், நாற்றுப் பண்ணைகளில் அதைச் ‘சிக்குர்மானிஸ்’ என்றே கேட்டு வாங்குவோர் உண்டு. நாம் வள்ளைக்கீரை என்பதைப் பினாங்குத் தமிழர் கங்கோங் என்கின்றனர். சந்தையில் பல இனத்தாரும் கலந்து புழங்கும் ஊரில் இது இயல்பு. ‘சௌராஸ்தா’ என்ற பினாங்குச் சந்தையின் பெயரும் நாற்சந்தியைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல்லே.

தாவர அடுக்குகள்

கம்பத்து வீட்டுத் தோட்டம் ஜாவாத் தீவின் ‘பெக்காராங்கான்’ தோட்டத்தைப் போல அடுக்கடுக்காக அமைந்தது. உச்சியில் தென்னையும் பாக்கும் நிற்கும். நடுவில் ரம்புத்தான், மா, வாழை, முருங்கை. அவற்றின் கீழ் கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி. தரையையொட்டி இஞ்சி, மஞ்சள், செராய் என்னும் எலுமிச்சம்புல், ரம்பை. மரத்தைப் பற்றி ஏறும் வெற்றிலையையும் மிளகையும் தனி வகுப்பாகவே கொள்ள வேண்டும். அவற்றுக்கென்று தரையில் இடம் ஒதுக்கத் தேவையில்லை. தமிழர் வீடுகளில் வாசற்பக்கத்து வேம்பும் துளசியும் கூடும். சீனர் வீடுகளில் சாவி என்னும் கடுகுக்கீரை, வெங்காயத்தாள் முதலியவை கூடும்.

இச்செடிகளில் பல இம்மண்ணுக்குரியவை அல்ல. மிளகாயும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியக் கப்பல்களில் வந்தவை. போர்த்துக்கீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்த காலத்துக்குப் பிறகே மிளகாய் இப்பகுதிச் சமையலுக்குள் நுழைந்தது. காராமணியின் மூதாதை ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. கை நீளத்துக்குத் தொங்கும் பயற்றங்காய் அதிலிருந்து ஆசியாவில் உருவான வகை. கத்தரி ஆசியாவின் சொந்தச் செடி.

கோழியின் மூலம்

வீட்டுக்கோழியின் முன்னோர் செங்காட்டுக்கோழி. அதன் ஐந்து உள்ளினங்களில் ‘ஸ்பேடிசியஸ்’ எனப்படுவதே வீட்டுக்கோழிக்கு மிக நெருங்கியது என்பதை 2020-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. தென்மேற்குச் சீனா, வட தாய்லாந்து, மியன்மார் ஆகியவை சந்திக்கும் நிலப்பகுதியே கோழியின் பிறப்பிடம். சிந்துவெளியே முதலிடம் என்ற பழைய கருத்து இன்று நிற்பதில்லை. தாய்லாந்தின் பான் நொன் வாட் என்ற தொல்லிடத்தில் கிடைத்த எலும்புகள் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டவை. நெல்லும் தினையும் விளைந்த வயலோரத்தில் சிந்திய தானியத்தைத் தேடி வந்த பறவை மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தது. கோழி தோட்டத்துக்கு வந்த கதையும் தோட்டத்தின் கதையும் ஒன்றாகவே தொடங்கின.

தென்னிந்தியாவுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. வீட்டுக்கோழிகள் பலவற்றின் கால்களும் தோலும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணமான மரபணு செங்காட்டுக்கோழியிடம் இருந்து வந்ததன்று. அது தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடம் இருந்து கலந்தது என்பதை 2008-ஆம் ஆண்டு ஆய்வு நிறுவியது. ஆக, கம்பத்துக் கோழியின் உடலில் மேற்குத் தொடர்ச்சி மலையின் இரத்தமும் ஓடுகிறது.

மலேசியாவில் உருவான இனங்களில் கிளந்தானின் ‘செராமா’ உலகின் மிகச் சிறிய கோழியினமாக அறியப்படுகிறது. நன்கு தேர்ந்தெடுத்த பறவை அரைக்கிலோவைத் தாண்டாது. ஒடுங்கிய முற்றத்திலும் இருக்கக்கூடியது, ஆனால் இதை அழகுக்காக வளர்ப்பவரே மிகுதி.

தொடக்க வரலாறு

பினாங்கு கெடாச் சுல்தானின் ஆட்சிப் பகுதியாக இருந்தது. தமிழர் கடாரம் என்று அறிந்த நிலம் அதுவே. 1786 ஆகஸ்ட் 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் தீவில் கொடி நாட்டினார். காட்டை வெட்டி நிலம் திருத்துவோர்க்கு நிலம் கிடைக்கும் என்றதும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர், சீனர், மலாயர், அச்சேகாரர் என்று பலர் குடியேறினர். லைட் தாமே மிளகுத் தோட்டம் வைத்தார். அது சஃபோக் என்ற பெயரில் இருந்தது. அங்கு எழுந்த சஃபோக் மாளிகை இன்றும் நிற்கிறது. 1794-இல் அவர் இறந்தார்.

அடுத்து வந்த கிறிஸ்டோபர் ஸ்மித் என்ற தாவரவியலாளர் மலுக்குத் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்பு நாற்றுகளைத் திரட்டிப் பினாங்குக்கு அனுப்பினார். அவற்றைக் கொண்டு அமைந்த தாவரத் தோட்டம் நீடிக்கவில்லை. 1805-இல் துணை ஆளுநர் ஃபார்க்குவார் அதை விற்றுவிட்டார். 1822-இல் டேனியத் தாவரவியலாளர் நத்தானியேல் வாலிச்சின் முயற்சியால் இரண்டாவது தோட்டம் எழுந்தது. அதுவும் 1834-இல் ஆளுநர் மர்ச்சிசன் காலத்தில் விற்கப்பட்டது. ஆளுநர் வீட்டுச் சமையலுக்குக் காய்கறி தரவில்லை என்பதே விற்பனைக்குக் காரணம் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அரசுத் தோட்டத்தின் வாழ்வும் சாவும் ஒரு சமையலறையின் தேவையால் முடிவானது என்ற அந்தச் செய்தி, அன்றைய ஜார்ஜ் டவுனில் பசுங்காய் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதை உணர்த்தக்கூடும். இன்றைய தாவரத் தோட்டம் மூன்றாவது. சார்லஸ் கர்ட்டிஸ் 1884-இல் நீர்வீழ்ச்சிப் பள்ளத்தாக்கில், தண்ணீர்மலைக் கோயிலுக்கு அருகே தொடங்கியது அது.

தீவின் மண்ணைப் பற்றிய முதல் விரிவான நூலை ஜேம்ஸ் லோ 1836-இல் வெளியிட்டார். சாதிக்காய் மோகம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1860-ஐ ஒட்டிப் பரவிய நோயால் அந்தத் தோட்டங்கள் அழிந்தன. பெருந்தோட்டப் பயிர்கள் இப்படி எழுந்தும் விழுந்தும் போன நூறாண்டிலும், கறிக்கும் குழம்புக்கும் வேண்டியதை வீட்டுக் கொல்லை இடைவிடாமல் தந்துகொண்டே இருந்தது. ஆயர் ஈத்தாம் பள்ளத்தாக்கிலும் பினாங்கு மலைச்சரிவிலும் சீன விவசாயிகள் காய்கறி பயிரிட்டு நகருக்கு அனுப்பினர்.

நகரின் கடைவீடுகளில் கொல்லை என்று பெரிதாக இல்லை. முன்னால் ஐந்தடி நடைபாதை, நடுவில் வானம் பார்த்த முற்றம், பின்னால் சந்து. முற்றத்திலும் நடைபாதைத் தூண்களின் அடியிலும் மண்தொட்டிகளில் கறிவேப்பிலை, ரம்பை, மிளகாய் வளர்ந்தன.

போர்க்காலமும் அதற்குப் பின்னும்

1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைப் பிடித்தனர். பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி குறைந்தது. ‘வாழைமரப் பணம்’ என்று மக்கள் அழைத்த ஜப்பானிய நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் சோறாயின. புல்வெளி, சாலையோரம், பள்ளி மைதானம் எதுவும் பயிரிடப்படாமல் மிஞ்சவில்லை. ஒரு கோழி வைத்திருந்த வீடு வசதியான வீடு. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பும்வரை இதுவே நிலை. அக்காலத்தைக் கண்ட குடும்பங்களில் மரவள்ளியை விரும்பி உண்பாரும் உண்டு, பார்க்கவே மறுப்பாரும் உண்டு.

விடுதலைக்குப் பின் வந்த அரசுத் திட்டங்களில் பிரதமர் துன் அப்துல் ரசாக் காலத்தில் 1974-இல் தொடங்கிய ‘பச்சைப் புத்தகத் திட்டம்’ குறிப்பிடத்தக்கது; வெற்று நிலத்தில் உணவுப் பயிர் வைக்குமாறு அது மக்களை அழைத்தது. அதற்கு முன்பே, 1969-இல், பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் தோன்றியிருந்தது. இராமநாதபுரம் பகுதியில் பிறந்து பினாங்கில் வாழ்ந்த எஸ். எம். முகமது இட்ரிஸ் 2019-இல் மறையும்வரை அதை வழிநடத்தினார். இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இல்லாத வீட்டுத் தோட்டத்தை அச்சங்கம் நெடுங்காலமாக வலியுறுத்தி வருகிறது. தமிழ்நாட்டு இயற்கை வேளாண்மையின் பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் பினாங்குத் தொட்டிச் செடிகளை எட்டியதில் அதன் பங்கு பெரிது.

மண், மழை, பாத்தி

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் உண்டு. சனவரி, பிப்ரவரியில் மழை குறைவு, செப்டம்பர், அக்டோபரில் மிகுதி. ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று இங்கே காத்திருக்க வேண்டியதில்லை. கங்கோங்கை 30 நாளில் பறிக்கலாம், வெண்டை 50 நாளில் காய்க்கும். ஆனால் ஓயாத மழை மண்ணின் சத்தைக் கரைத்துக்கொண்டு போகும், மண்ணைப் புளிப்பாக்கும். சுண்ணாம்பும் மக்கிய எருவும் இடாத பாத்தி இரண்டு போகத்துக்கு மேல் தாங்காது. பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, நான்கடி அகலத்துக்கு மேல் போகாமல், இருபுறமும் வடிகால் விட்டு அமைப்பதே முறை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் டிங்கிக் கொசு பெருகும். 1975-ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அதற்குத் தண்டனை உண்டு.

கோழிக்குத் திட்டமிடல்

காய்கறிக்கு இடம் பிரித்தபின் மிஞ்சிய மூலையில் கோழிக்கூட்டை வைப்பது பரவலாகக் காணப்படும் தவறு. முதலில் குறிக்க வேண்டியது கூட்டின் இடம்தான். மற்றவை அதைச் சுற்றி அமையும். வீட்டின் சமையலறைச் சன்னலுக்கும் அண்டை வீட்டுக்கும் காற்று கொண்டுபோகாத பக்கம், மேட்டு நிலம், காலை வெயில் படும் இடம் ஆகியவை பொருந்தும். தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயர்த்திக் கட்டினால் ஈரமும் எலியும் அண்டா.

ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி, வெளியே உலாவ 10 சதுர அடி என்பது குறைந்த அளவு. 20 அடிக்கு 40 அடி கொல்லையில் நான்கு பெட்டைகள் போதும். அதற்குமேல் வைத்தால் எரு பயனாவதற்குப் பதில் நாற்றமாகும். முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் தீனி தின்னும். நான்குக்கும் மாதம் 13 கிலோ. தவிடு, குருணை, அரிந்த கீரைத்தண்டு, தேங்காய்த் துருவல் சக்கை ஆகியவற்றால் அதில் ஒரு பகுதியைக் குறைக்கலாம். கம்பத்துக் கோழி ஆண்டுக்கு நூறு முட்டையை எட்டுவது அரிது. பண்ணைக்கென உருவாக்கிய கலப்பினம் முந்நூறை நெருங்கும். முட்டை மட்டும் வேண்டுமானால் சேவல் தேவையில்லை. வரிசை வீட்டில் விடியற்காலைக் கூவல் அண்டை வீட்டாருடன் சச்சரவை வளர்க்கும். குஞ்சு வேண்டுவோர் அடைக்கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து 21 நாள் காத்திருக்க வேண்டும்.

கோழியை நேரே பாத்தியில் விடக்கூடாது. நாற்றைக் கிளறிப் போடும், சாவியைக் கொத்தித் தீர்க்கும். அறுவடை முடிந்த பாத்தியை வலைக்கட்டி, அதில் ஒரு வாரம் மேயவிட்டால் களையும் ஆப்பிரிக்க நத்தைக் குஞ்சும் போகும், மண்ணும் கிளறப்படும். புது எச்சம் வேரைச் சுடும். காய்ந்த இலையோடு குவித்து இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டே இட வேண்டும். பச்சையாகத் தின்னும் கீரைக்கு இது இன்னும் கண்டிப்பான விதி.

பினாங்கில் கோழியின் பகைவர் பலர். மழைக்கால்வாய் வழியாக மலைப்பாம்பும் உடும்பும் நகருக்குள்ளேயே வரும். மரநாய் இரவில் கூரை ஓரத்தில் நடக்கும். விரல் நுழையும் கம்பிவலை பாம்பைத் தடுக்காது, அரை அங்குலக் கண் வேண்டும். நோய்களில் வெள்ளைக்கழிச்சலும் அம்மையும் முதன்மை. இரண்டுக்கும் தடுப்பூசி உண்டு. பறவைக் காய்ச்சல் மலேசியாவில் 2004-இல் கிளந்தானில் முதலில் காணப்பட்டது. 2006-இல் மற்ற மாநிலங்களிலும் தலைகாட்டியது. கோழி திடீரென மொத்தமாகச் சாகும்போது புதைத்துவிட்டுப் பேசாமல் இருப்பது குற்றமும் ஆபத்தும் ஆகும். கால்நடைச் சேவைத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

இன்றைய நிலை

ஆயர் ஈத்தாம் அருகே 1969-இல் எழுந்த ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகள் தொடங்கி, மக்கள் மாடிகளுக்கு ஏறிவிட்டனர். வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டு நீங்கியதும் பழைய நகரிலிருந்து பல குடும்பங்கள் வெளியேறின. 2020 மார்ச் 18-இல் தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது மாடத் தோட்டங்கள் மறுபடி துளிர்த்தன. 2022 இறுதியில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது மலேசியா நாமக்கல்லிலிருந்து முட்டை இறக்குமதி செய்தது. தீவில் கோழி வளர்க்க விரும்புவோர் கூடு அடிப்பதற்கு முன் மாநகர் மன்றத்திடம் தங்கள் குடியிருப்புக்குரிய விதியைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.