கற்பிட்டிக் கடலின் ஆவுளியா

புத்தளத்தின் மேற்கே, கடலுக்கும் களப்புக்கும் நடுவே, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. அதனைச் சூழ்ந்த ஆழமற்ற நீரில் விளையும் கடற்புல்லை மேய்ந்து வாழும் விலங்கு ஆவுளியா. கடற்பசு, கடற்பன்றி என்ற பெயர்களும் அதற்குண்டு. அது மீனன்று, நீர்மட்டத்துக்கு எழுந்து மூச்சுவிடும், குட்டி ஈன்று பாலூட்டும்.

இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ட், 1861இல் வெளியிட்ட நூலில் இவ்விலங்கைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். மன்னாரில் கொல்லப்பட்டு 1847இல் கொழும்புக்கு அனுப்பப்பட்ட ஆவுளியா ஏழு அடிக்கு மேல் நீண்டிருந்ததாம். அதனினும் பெரியவை கற்பிட்டியில் அகப்பட்டனவாம். 1560ஆம் ஆண்டளவில் மன்னார்க் கடலில் பிடிபட்ட ஏழு கடற்கன்னியரைக் கோவாவிலிருந்த போர்த்துக்கேய இராசப்பிரதிநிதியின் வைத்தியர் ஆராய்ந்த கதையையும் அவர் கூறுகிறார். தொலைவில் நின்றவனுக்குக் கன்னியாகத் தோன்றியது, வலைஞனுக்குக் கன்றிறைச்சியை ஒத்த ஊனாயிற்று.

பதின்மூன்று திங்கள் சுமந்து ஒரே குட்டியை ஈனும் தாய், அடுத்த குட்டியை ஈனச் சில ஆண்டுகள் செல்லும். இத்தகைய இனம் வேட்டையைத் தாங்குவது எங்ஙனம்? 1970இல் இலங்கைச் சட்டம் அதனைக் கொல்வதைத் தடைசெய்தது. ஆயினும், விரித்த வலையில் தானாகச் சிக்கி, மேலெழ இயலாமல் மூச்சடைத்து இறப்பதைச் சட்டம் எவ்வாறு தடுக்கும்?

மற்றொரு கேடு மேய்ச்சல் நிலம் குறைவது. வளர்ந்த ஆவுளியாவொன்று நாளொன்றுக்கு நாற்பது கிலோ வரை புல் தின்னும். கடலடியை வாரும் இழுவை வலை புல்லை வேரோடு பெயர்த்துவிடும். 1980களில் புத்தளப் பகுதியில் பெருகிய இறால் பண்ணைகளின் கழிவுநீர் களப்பை மாசுபடுத்தியது. நீர் கலங்கினால் ஒளி அடிவரை இறங்காது. ஒளியின்றிப் புல் விளையாது.

பண்டாக் கரடிக்காக மூங்கிற் காடுகளையே ஒதுக்கிக் காத்த சீனம், 1988இல் ஆவுளியாவையும் முதல்வகுப்புப் பாதுகாப்பில் சேர்த்தது. காட்டுக்குக் கிடைத்த காவலின் பயன் கடற்புல்லுக்குக் கிட்டவில்லை. 2008க்குப் பின் அந்நாட்டுக் கடலில் ஆவுளியா காணப்பட்டதற்கு உறுதியான சான்றில்லை. இனம் நிலைக்கும் வலுவிழந்ததென 2022இல் ஆய்வாளர் அறிவித்தனர்.

அவ்வாண்டு செப்டெம்பரிலேயே தமிழ்நாட்டு அரசு பாக்குக் குடாவில் 448 சதுர கிலோமீற்றர் பரப்பை ஆவுளியாவுக்கும் அதன் புல்வெளிக்குமாக ஒதுக்கியது. நெடுந்தூரம் நீந்தவல்ல ஆவுளியாவுக்குக் கற்பிட்டியிலிருந்து அது எட்டாத் தொலைவன்று.