கூண்டு வண்டி முதல் கேரவன் வரை: அடுப்பு எங்கே இருக்கணும்?

மார்கழி மாசம் விடியற்காலையில் ஸ்ரீரங்கம் பஞ்சக்கரை ரோட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஆந்திரா, கர்நாடகா நம்பர் பிளேட் போட்ட வேன்கள் வரிசையாக நிற்கும். வேனுக்குப் பக்கத்தில் அடுப்பு எரியும், குண்டானில் சாதம் கொதிக்கும், கயிற்றில் வேட்டி காயும். சபரிமலை போகிற சாமிகள், போகிற வழியில் ரங்கநாதரையும் பார்க்க வந்திருப்பார்கள். தூங்குவது, சாப்பிடுவது எல்லாமே அந்த வேனை நம்பித்தான்.

வெளிநாட்டில் இந்த மாதிரி வீட்டு வண்டிகளை ஆர்.வி. என்கிறார்கள். நமக்குக் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் நடிகர் உட்காரும் ஏசி வண்டிதான் ஞாபகம் வரும். ஆனால் சக்கரத்தின் மேல் வீட்டைக் கட்டிக்கொண்டு ஊர் போவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. அந்த வரலாற்றையும், அதற்குள் இருக்கிற ஒரு உயிர் காக்கும் விஷயத்தையும் சொல்லத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவுக்கு லால்குடி பக்கம் ஒரு கிராமம். சமயபுரம் தேருக்கும், ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்துக்கும் குடும்பத்தோடு மாட்டு வண்டியில்தான் வருவார்களாம். வண்டியிலும் வகை உண்டு. நெல் மூட்டை ஏற்ற மொட்டை வண்டி. மேலே மூங்கில் தட்டியை வளைத்துக் கட்டினால் கூண்டு வண்டி. அடியில் வில் வைத்தால் வில் வண்டி, இது வசதியானவர்கள் வீட்டில் இருக்கும். கூண்டுக்குள் வைக்கோலைப் பரப்பி ஜமுக்காளம் விரித்தால் படுக்கை ரெடி. ராத்திரிக்கு வண்டிக்கு அடியில் அரிக்கேன் விளக்கு தொங்கும்.

ஏறி உட்கார்ந்ததும் தாத்தா சொல்வது ஒன்றே ஒன்றுதானாம்: "பின்பாரமா இருக்கு, ரெண்டு பேரு முன்னாடி தள்ளி உக்காருங்க."

இது சும்மா சொன்ன வார்த்தை இல்லை. பாரம் பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மாடு மூச்சு விடத் திணறும். முன்னால் அதிகமானால் மொத்தக் கனமும் கழுத்தில் இறங்கும், கழுத்து புண்ணாகிவிடும். பாரம் அச்சுக்கு நேர் மேலே இருந்து, கொஞ்சம் மட்டும் முன்னால் சாய்ந்திருக்கணும். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும்.

இப்போ இங்கிலாந்து போவோம். பொழுதுபோக்குக்காகவே செய்த முதல் கேரவன் என்று சொல்லப்படுவது 1885-இல் வந்தது. அதைச் செய்யச் சொன்னவர் ஒரு டாக்டர்! பெயர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். கடற்படையில் மருத்துவராக இருந்தவர், அப்புறம் எழுத்தாளர் ஆனவர். பிரிஸ்டலில் கட்டிய அந்த வண்டிக்கு 'தி வாண்டரர்' என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய 2 டன் எடை, இழுக்க ரெண்டு குதிரை. அதிலேயே ஸ்காட்லாந்து வரை போய்வந்து 1886-இல் புத்தகமும் போட்டார். எதிரே வருகிறவர்கள் மிரளக்கூடாது என்று அவருடைய உதவியாளர் மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போய் எச்சரிப்பாராம். கிட்டத்தட்ட நம்ம ஊர் பைலட் வண்டி!

1910-இல் அமெரிக்காவில் பியர்ஸ் ஆரோ கம்பெனி படுக்கையாகும் சீட்டோடு காரை விற்றது. 1980-களின் தொடக்கத்தில் என்.டி.ராமாராவ் பழைய செவர்லே வேனை 'சைதன்ய ரதம்' ஆக்கி ஆந்திரா முழுக்க ஓட்டுக் கேட்டுப் போனார். அவருக்குப் பிரச்சார மேடையும் அதுதான், வீடும் அதுதான்.

இன்றைக்கு இருப்பவை முக்கியமாக ரெண்டு ஜாதி. இன்ஜினும் வீடும் ஒன்றாக இருந்தால் மோட்டார் ஹோம், வேனை மாற்றிச் செய்யும் கேம்பர் வேனும் இதில் சேர்த்தி. வீடு தனியாக, கார் இழுத்துப் போனால் டிரெய்லர் கேரவன்.

மோட்டார் ஹோம் ஓட்டுபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தன் வண்டியின் உயரம். கார் நுழைகிற ரயில்வே சுரங்கப்பாதையில் இது நுழையாது. பிரேக் போட்டால் நிற்கவும் கூடுதல் தூரம் வேண்டும்.

டிரெய்லரை இழுக்கும்போதுதான் தாத்தாவின் கணக்கு திரும்ப வருகிறது. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கணும் என்று அமெரிக்காவில் சொல்லித்தருகிறார்கள். 1,000 கிலோ டிரெய்லர் என்றால் 100 முதல் 150 கிலோ. பின்பாரம் ஆனால் டிரெய்லர் வால் ஆட்டும், காரையும் சேர்த்துப் புரட்டும். ஆட ஆரம்பித்தால் ஸ்டியரிங்கை ஒடிக்காமல் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்கணும். ரிவர்ஸ் எடுக்கும்போது டிரெய்லர் வலப்பக்கம் போகணும் என்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பணும். பழக ஒரு காலி மைதானம் தேவை.

சரி, இதில் டாக்டருக்கு என்ன வேலை?

கூண்டு வண்டி முன்னும் பின்னும் திறந்தது. அடுப்பு எப்பவும் வெளியே, மரத்தடியில் மூணு கல்லு வைத்து. கண்ணாடியும் ஏசியும் வந்தபிறகு நாம் வண்டியை மூடிய பெட்டியாக்கிவிட்டோம். அந்தப் பெட்டிக்குள்ளேயே நெருப்பையும் புகையையும் கொண்டுவந்துவிட்டோம்.

2023 ஆகஸ்ட் 26. மதுரை ரயில் நிலையம் அருகே தனியாகக் கழற்றி நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி. உத்தரப்பிரதேசத்தில் இருந்து வந்த யாத்திரிகர்கள் விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் விடியற்காலை அடுப்பு பற்றவைத்தார்கள். தீயில் 9 பேர் போய்விட்டார்கள்.

2024 டிசம்பர். கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தார்கள். தீயும் இல்லை, அடிதடியும் இல்லை. ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்திருந்தது.

இந்த வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய ஹீமோகுளோபின் சீட்டில் இது 200 மடங்குக்கும் மேல் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, வாந்தி, கிறக்கம் என்று தொடங்கும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. ரயில் தீயை நாலு பேர் பார்த்துக் கத்தலாம், இதற்குக் கத்த ஆளே இருக்காது.

இன்னொன்று, விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதில் ஏமாற்றும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தமாக எண்ணி 98, 99 என்று காட்டும். அதனால் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் "வேனுக்குள்ள படுத்திருந்தோம், இன்ஜின் ஓடிக்கிட்டு இருந்துச்சு" என்று நீங்கள் சொல்லும் ஒரு வரிதான் எங்களுக்கு வழிகாட்டி. வைத்தியம் ஆக்சிஜன்தான். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய 4, 5 மணி நேரம் ஆகும். முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் குறையும்.

ஆகவே வண்டி கட்டிக்கொண்டு கிளம்பும் சொந்தங்களே:

இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு, மூடிய வண்டிக்குள் தூங்காதீர்கள்.

கேஸ் அடுப்பு, கரி அடுப்பு எதுவானாலும் வண்டியை விட்டுத் தள்ளி, திறந்த வெளியில்.

ஒரே வண்டியில் ரெண்டு மூணு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி வந்தால் "அலைச்சல்" என்று விட்டுவிடாதீர்கள். எல்லோரும் உடனே வெளியே வாருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

தாத்தாவுக்குக் கார்பன் மோனாக்சைடு என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் பாரத்தை முன்னாலும் அடுப்பை வெளியேயும் வைக்கத் தெரிந்திருந்தது. அந்த ரெண்டையும் மறக்காமல் போய்வாருங்கள்.