தாத்தா திவசமும் ரெண்டு பஞ்சாங்கமும்

எங்க தாத்தாவுக்கு வருஷத்துக்கு ஒரு திவசம்தான். ஆனா சில வருஷம் அது ரெண்டாயிடும். பெரியப்பா வீட்ல வாக்கியப் பஞ்சாங்கம், எங்க வீட்ல திருக்கணிதம். தாத்தா தவறினது தேய்பிறை சப்தமி. மூணு வருஷம் முன்னாடி ஒருத்தர் செவ்வாய்க்கிழமைன்னார், இன்னொருத்தர் புதன்னார். "பெரியவங்க போட்ட கணக்கை மாத்த நீ யாருடா?"ன்னு பெரியப்பா கேட்க, "அந்தக் காலத்துல அவங்களுக்கு என்ன தெரியும்?"னு அப்பா திருப்பிக் கேட்க, அதோட பேச்சுவார்த்தை கட்.

"பொட்டி தட்டுறியே, நீயே சொல்லு"ன்னு பஞ்சாயத்து என்கிட்ட வந்துச்சு. ஆணி குறைவா இருந்த ஒரு வாரக்கடைசியில தோண்ட ஆரம்பிச்சேன். ரெண்டு பேர் சொன்னதுமே தப்புன்னு தெரிஞ்சுது.

பிரச்சனை திதியோட நிக்கல. 2023ல சனிப்பெயர்ச்சி திருக்கணிதப்படி ஜனவரி 17, வாக்கியப்படி டிசம்பர் 20. பதினோரு மாசம் வித்தியாசம்! வானத்துல இருக்கறது ஒரே ஒரு சனி. அது கும்பத்துக்குள்ள நுழையும்போது தாண்ட அங்கே கோடு எதுவும் கிடையாது, ராசிக்கு எல்லை போட்டது மனுஷங்க. ஆனா ஒரு கிரகம் இன்னிக்கு எங்க இருக்குங்கறது அபிப்பிராயம் இல்லை. பார்த்துட்டு வந்து சொல்லலாம்.

வாக்கியம்னா என்ன? நம்ம பாஷையில சொன்னா லுக்-அப் டேபிள். சந்திரனுக்கு மட்டும் 248 சின்னச் சின்ன வாக்கியங்கள், நாளுக்கு ஒண்ணு. எழுத்துக்கு எழுத்து எண் ஒளிஞ்சிருக்கும், மனப்பாடம் பண்ணிட்டா போதும். ஏன் 248? சந்திரன் பூமிக்கு ரொம்பக் கிட்ட வந்து, விலகிப் போய், மறுபடி கிட்ட வர 27.55 நாள் ஆகுது. அது ஒன்பது முறை நடந்தா கிட்டத்தட்ட சரியா 248 நாள். அப்புறம் முதல் வாக்கியத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கலாம். யோசிச்சவன் மூளைக்கு ஒரு கும்பிடு.

இது எவ்வளவு தூரம் வேலை செஞ்சுதுன்னு ஜான் வாரன் எழுதி வச்சிருக்கார். சென்னை வானாய்வகத்துல வேலை பார்த்தவர். 1825ல வந்த 'கால சங்கலிதா'ங்கற அவரோட புத்தகத்துல பாண்டிச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருத்தர் வர்றார். தரையில சோழிகளைப் பரப்பி, மனப்பாடமா இருந்த அட்டவணையை வச்சு, அந்த வருஷ சந்திரகிரகணத்தைக் கணிச்சார். ஆரம்பத்துல 4 நிமிஷம், நடுவுல 23 நிமிஷம், முடிவுல 52 நிமிஷம்தான் பிழை. பேப்பர் இல்ல, பேனா இல்ல. எனக்கு கால்குலேட்டர் இல்லாம ஹோட்டல் பில்லைப் பிரிக்க வராது.

அப்போ பெரியப்பா சொன்னது சரியா? அங்கேதான் டுவிஸ்ட். சந்திரனைப் பூமி மட்டும் இழுக்கலை, சூரியனும் இழுக்குது. பழைய அட்டவணையை கிரகணங்களோட ஒப்பிட்டு ஒப்பிட்டுச் சரி செஞ்சிருந்தாங்க. கிரகணம் அமாவாசையிலயோ பௌர்ணமியிலயோதான் வரும். அதனால அந்த ரெண்டு நாள்ல பிழை கம்மி. நடுவுல, அதாவது சப்தமி, அஷ்டமி பக்கம், சூரியனோட இழுப்பால வர்ற வித்தியாசம் அந்த அட்டவணையில இல்லை. திதி முடியற நேரம் நாலஞ்சு மணி நேரம் வரைக்கும் தள்ளிப்போகும். தாத்தா சரியா அந்தச் சப்தமியில போய்ச் சேர்ந்தது எங்க நேரம்.

சரி, "கணக்கை மாத்தக் கூடாது"ன்னு யார் சொன்னது? கேரளத்துல பரமேஸ்வரர்னு ஒருத்தர், பல வருஷம் கிரகணங்களைக் கண்ணால பார்த்துக் குறிச்சு வச்சு, பழைய கணக்கு ஒத்துவரலைன்னு 1431ல 'திருக்கணிதம்'னு புதுசா எழுதினார். 'திரு' மரியாதைச் சொல் இல்லீங்க, 'திருக்'னா பார்வை. பார்த்துச் சரிசெஞ்ச கணக்குன்னு அர்த்தம்.

தமிழ்ப் பக்கம் அந்த வேலையை எடுத்துக்கிட்டவர்கள்ல முக்கியமானவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. நுங்கம்பாக்கம் வானாய்வகத்துல சின்ன வயசுல வேலைக்குச் சேர்ந்து, தலைமை உதவியாளர் வரைக்கும் உயர்ந்தவர். 1867ல ஆர் ரெட்டிகுலிங்கற ஒளிமாறும் விண்மீனைக் கண்டுபிடிச்சார். 1871 முழுச் சூரியகிரகணத்தை அவிநாசியில இருந்து பார்த்துக் குறிச்சார். 1872ல லண்டன் ராயல் அஸ்ட்ரானமிக்கல் சொசைட்டி அவரை ஃபெல்லோ ஆக்குச்சு. இவ்வளவும் பண்ணிட்டு, நவீன கணக்கை வச்சு பஞ்சாங்கமும் போட்டார்! 1874 டிசம்பர் 9ல வெள்ளி சூரியனைக் கடக்கப்போகுதுன்னதும், அது என்னன்னு சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி ஆங்கிலத்துலயும் இந்திய மொழிகள்லயும் புத்தகம் எழுதினார். அதே வருஷம் பச்சையப்பன் மண்டபத்துல, நம்ம ஆளுங்க கத்துக்க ஒரு வானாய்வகம் வேணும்னு கேட்டுப் பேசினார். 1880ல காலமாயிட்டார். அந்த வானாய்வகத்தோட கருங்கல் தூண் இன்னும் நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்துல நிக்குது. தமிழ் எழுத்தும் அதுல உண்டு. எத்தனை தடவை அந்த ரோட்ல போயிருக்கேன், தெரியவே தெரியாது.

இதையெல்லாம் போன மாசம் ஒரு கல்யாணத்துல, பெரியப்பா, அப்பா ரெண்டு பேரையும் ஒரே பந்தியில உட்கார வச்சு ஒப்பிச்சேன். "பெரியவங்க போட்டதுதான் பெரியப்பா, ஆனா மாத்தச் சொன்னவங்களும் பெரியவங்கதான். அப்பா, சோழியை வச்சு அவர் போட்ட கிரகணக் கணக்கை உங்களால போட முடியுமா?" ரெண்டு பேரும் பதில் சொல்லலை. பெரியப்பா மட்டும் பாயசத்தை அப்பா இலைப் பக்கம் போடச் சொல்லி, பரிமாறினவர்கிட்ட கை காட்டினார்.

பக்கத்து இலையில இருந்த பாட்டிதான் தீர்ப்பு சொன்னா: "ரெண்டு நாளும் வடை பண்ணுங்கடா. உங்க அப்பா வேண்டாம்னா சொல்லப் போறார்?"

உங்க வீட்ல எந்தப் பஞ்சாங்கம்? சண்டை உண்டா?