“தொடாதே, கெட்டுப்போகும்”: அரசுப் பள்ளிக் கணினியும் லினக்ஸும்

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் ஆண்டுக்கான இலக்கு மட்டும் 9 லட்சத்துக்கு மேல். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், நடுவண் அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. அதற்குப் பின்னணியாக இருந்த கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையத்தில், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்து ஆய்வு மையமும் ஒரு பங்காளி. பெரும்பாக்கத்துக்கு அது பக்கத்து ஊர் மாதிரிதான்.

ஆனால் பெரும்பாக்கத்தில் மாலை வகுப்பு எடுக்கும் நாங்கள் பார்த்தவரை, பாஸைத் திறந்து பார்த்த மாணவர்கள் மிகக் குறைவு. விண்டோஸில் வைரஸ் புகுந்ததும் கடைக்குக் கொண்டுபோய்க் காசு கொடுத்துத் திருட்டுப் பிரதி போட்டவர்களே அதிகம். காரணம் கேட்டால் “வாத்தியாருக்கே தெரியாது” என்கிறார்கள். பழியை ஆசிரியர் மேல் போட்டுவிட்டு நகர்வது சுலபம். வரலாறு வேறு மாதிரி இருக்கிறது.

1999இல் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினி ஆசிரியர்கள் எல்காட் நிறுவனம் வழியாக ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள். நிரந்தரம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் புதிய இயங்குதளத்தைக் கற்றுக்கொள்ளச் சொல்வது எப்படி எடுபடும்?

அதே எல்காட்டின் மேலாண்மை இயக்குநராகப் பின்னர் வந்தவர் சி. உமாசங்கர். தலித் ஐஏஎஸ் அதிகாரி. திருவாரூர் ஆட்சியராக மின் ஆளுமையை நடத்திக் காட்டியவர். எல்காட் அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றினார். பள்ளிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் லினக்ஸ் நிறுவிய கணினிகள் போக வழி செய்தார். 2008இல் அந்தப் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். 2010இல் சாதிச் சான்றிதழ் போலி என்ற குற்றச்சாட்டில் பணியிடை நீக்கம். எதிர்ப்பு வலுத்ததும் சில வாரங்களில் அது ரத்தானது. ஒரு நல்ல அதிகாரியை மட்டும் நம்பி நிற்கும் மாற்றம் அவருடைய இடமாறுதலோடு தளர்ந்துவிடும் என்பதே இதில் நமக்கான பாடம்.

கேரளத்தில் அது தளரவில்லை. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் தொடங்கியபோது அங்கேயும் விண்டோஸ் பாடம்தான். எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் பள்ளி ஆசிரியர்களின் சங்கமான கே.எஸ்.டி.ஏ. முக்கியமானது. அரசு லினக்ஸுக்கு மாறியது. பயிற்றுநர்களையும் பள்ளி ஆசிரியர்களிலிருந்தே எடுத்தது. சக ஆசிரியர் சொல்லிக்கொடுத்தால் பயம் பாதியாகிவிடும். சில ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வு முழுவதும் கட்டற்ற மென்பொருளில் நடந்தது. 2019இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்குப் புதிய பதிப்பு வந்தபோது, இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசு நிறுவனமான கைட் கணக்குச் சொன்னது.

பெங்களூரில் சுதர்சன் லேஅவுட் குடிசைப் பகுதியில் அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் இயங்கியது. பழைய கணினிகள், லினக்ஸ், வார இறுதியில் வந்து சொல்லிக்கொடுக்கும் தன்னார்வலர்கள், அவ்வளவுதான். அங்கே பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் ஓவியம் வரைந்தார்கள்.

கூவம், அடையாறு கரைகளிலிருந்து பிடுங்கி எட்டு மாடிக் கட்டடங்களில் அடைக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாக்கத்தில் படிக்கிறார்கள். பெரும்பாலும் தலித்துகள். ஆய்வகத்தில் இவர்கள் கேட்கும் முதல் சொல் “தொடாதே, கெட்டுப்போகும்”. இந்தச் சொல் நமக்குப் புதிதல்ல. ஆசிரியர் சொல்வது ஸ்டாக் ரிஜிஸ்டருக்குப் பயந்துதான். ஒரு கணினி பழுதானால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அடிபடுவது, வீட்டில் கணினியே இல்லாத பிள்ளை. கட்டற்ற மென்பொருளின் உண்மையான பயன் இங்கேதான். பிள்ளை எதையோ அழித்துவிட்டால் பென்டிரைவிலிருந்து மறுபடி நிறுவிக்கொள்ளலாம். உரிமம், கட்டணம் எதுவும் தேவையில்லை.

பாடநூலில் ஓப்பன் ஆபீஸும் பைத்தானும் 2018, 2019லேயே வந்துவிட்டன. இனி அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரோடு உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்போம். வாரத்தில் எத்தனை மணி நேரம் ஆய்வகம் திறந்திருக்கிறது? ஆசிரியருக்கு லினக்ஸ் பயிற்சி கடைசியாக எப்போது கொடுத்தார்கள்? பிள்ளை கணினியைத் தொட்டுக் கெட்டுப்போனால் அதற்கு ஆசிரியர் பொறுப்பில்லை என்று எழுதித் தருவார்களா? மூன்றாவது கேள்வியை ஆசிரியர்களும் நம்மோடு சேர்ந்து கேட்பார்கள்.