செவ்வாய்க்கிழமைச் சாப்பாடு

செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வீட்டில் சோறு இல்லை. பின்னேரம் ஐந்தே முக்காலுக்கு நான் வேலையால் வருவேன். ஏழு மணிக்கு மகளுக்கு நீச்சல் வகுப்பு. கணவருக்கு அன்று இரவு வேலை. இடையில் கிடக்கும் ஒரு மணித்தியாலத்துக்குள் சமைத்து, பரிமாறி, சட்டியை ஊறப்போட்டுவிட்டுக் காரை எடுக்க வேண்டும். அதனால் ஐந்தாறு வருடங்களாகச் செவ்வாய் என்றால் கோழி போட்ட கிரீம் பாஸ்தாதான்.

ஒரு அடுப்பில் உப்புத் தண்ணீர் கொதிக்கும். மற்றதில் 400 கிராம் கோழி நெஞ்சிறைச்சி வெண்ணெயில் சிவக்கும். அதை எடுத்து வைத்துவிட்டு அதே சட்டியில் நான்கு பல் உள்ளி, ஒரு கோப்பை கிரீம், ஒரு பிடி துருவிய பார்மசான் சீஸ். பாஸ்தா வெந்ததும் எல்லாம் ஒன்றாகும். முப்பது நிமிடம் போதும்.

ஸ்காபரோவில் எங்களுடன் இருக்கும் என் அம்மா இதைத் தொடுவதில்லை. "பால்மாவைக் கரைச்சு ஊத்தின மாதிரிக் கிடக்கு. இதையோ பிள்ளையளுக்கு ராச்சாப்பாடெண்டு குடுக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, தனக்கு இரண்டு துண்டு பாணும் மிஞ்சின பருப்பும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மகளோ, "அம்மம்மா, இது இத்தாலியன் சாப்பாடு" என்று விளக்கம் சொல்வாள்.

அம்மாவின் கேள்வி எனக்குள் தைத்துக்கொண்டே இருந்தது. என் பிள்ளை வளர்ந்த பின் அவளுடைய நாக்கு நினைத்து ஏங்கப்போவது ஒடியல் கூழையா, இந்த வெள்ளைச் சோஸையா? அம்மாவுக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமென்றுதான் இந்தச் சாப்பாட்டின் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன். தேடிப் போன இடத்தில் அம்மாவின் பக்கத்துக் கதையும் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

முதலில் மகளுடைய விளக்கம் விழுந்தது. இது முழு இத்தாலியச் சாப்பாடு அல்ல. மார்க்கோ போலோ சீனாவிலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்ற பள்ளிக்கூடக் கதையும் உண்மையல்ல. அவர் 1295இல்தான் வெனிஸுக்குத் திரும்பினார். அதற்கு நூற்றாண்டுக்கு மேல் முந்தி, 1154இல், சிசிலியை ஆண்ட இரண்டாம் ரோஜர் மன்னனுக்காக அல் இத்ரிசி என்ற அரபுப் புவியியலாளர் ஒரு நூலை முடித்துக் கொடுத்தார். பலேர்மோவுக்கு அருகே த்ராபியா என்ற ஊரில் 'இத்ரியா' என்ற காய்ந்த மாவிழைகள் பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பலில் ஏற்றப்படுவதாக அதில் எழுதியிருக்கிறார். பாஸ்தா அப்போதே ஏற்றுமதிப் பண்டம்.

இன்னொன்று: பாஸ்தாவுக்குச் சிவப்பை விட வெள்ளைதான் மூப்பு. பதினைந்தாம் நூற்றாண்டுச் சமையற்காரரான மாய்ஸ்த்ரோ மார்ட்டினோவின் புத்தகத்தில் மக்கரோனி, வெண்ணெயும் சீஸும் சேர்த்துத்தான் வருகிறது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்து, பாஸ்தாவின் மேல் குழம்பாக விழப் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆயிற்று. இதைப் படித்தபோது நான் சற்றுச் சிரித்தேன். அதே கண்டத்திலிருந்து போர்த்துக்கீசர் கொண்டுவந்த மிளகாய் இல்லாமல் எந்த யாழ்ப்பாணத்துக் கறி இருக்கிறது?

இனி கிரீமுக்கு வருவோம். ரோமில் அல்பிரெடோ டி லெலியோ என்று ஒருவர். 1908இல் அவருடைய மனைவி இனெஸுக்கு மகன் பிறந்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு அவள் மெலிந்து, எதையும் உண்ண மறுத்தாள். அவர் புதிதாகப் பிசைந்த மாவில் மெல்லிய பட்டைப் பாஸ்தா செய்து, நிறைய வெண்ணெயும் பார்மசானும் போட்டுக் கிளறிக் கொடுத்தார், அவள் சாப்பிட்டாள். இது அந்தக் குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை. வெண்ணெய் போட்ட பாஸ்தா ரோமில் முன்பே இருந்தது. அவர் வெண்ணெயைக் கூட்டினார், அவ்வளவுதான். 1914இல் வியா டெல்லா ஸ்க்ரோஃபா என்ற தெருவில் அவர் திறந்த உணவகத்தில் அதுவே பேர்போன தட்டாயிற்று.

1920இல் அந்த உணவகத்துக்குத் தேனிலவுக்கு வந்த ஒரு சோடி போனது: பேசாப்படக் காலத்தின் பெரிய நட்சத்திரங்களான மேரி பிக்ஃபோர்டும் டக்ளஸ் ஃபேர்பாங்ஸும். 1927இல் அவர்கள் அல்பிரெடோவுக்குத் தங்கத்தில் ஒரு முள்ளுக்கரண்டியும் கரண்டியும் பரிசளித்தார்கள். அவருடைய பெயர் அமெரிக்கா முழுவதும் பரவியது. அந்த மேரி பிக்ஃபோர்ட் ரொறொன்ரோவில், யூனிவர்சிட்டி அவெனியூவில், 1892இல் பிறந்தவர். இளம் வயதிலேயே தகப்பனை இழந்து, பிழைப்புக்காகச் சிறுமியாய் மேடையேறி, தாயோடும் தம்பி தங்கையோடும் ஊரூராய் அலைந்தவர். பிள்ளைகள் ஆஸ்பத்திரி நிற்கும் அந்தத் தெருப்பக்கத்தில் அவருடைய சிலை ஒன்று இருக்கிறது. மகளுக்குக் காய்ச்சல் வந்த காலத்தில் எத்தனையோ தடவை அவரைத் தாண்டிப் போயிருக்கிறேன்.

அல்பிரெடோவின் தட்டில் ஒரு துளி கிரீமும் இல்லை, கோழியும் இல்லை. அவை இரண்டும் சேர்ந்தது அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம். கோழி, கிரீம், ஸ்பகெட்டி மூன்றையும் சேர்த்து, லூயிசா டெட்ராசினி என்ற இத்தாலியப் பாடகியின் பெயரில் ஒரு பதார்த்தம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. 1937இல் கிராஃப்ட் நிறுவனம் மக்கரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டிக்குள் போட்டு விற்றது. பால் சேர்த்த பாஸ்தா வாரநாள் இரவுச் சாப்பாடாக வட அமெரிக்க வீடுகளுக்குள் புகுந்த பெரிய வழிகளில் அந்தப் பெட்டியும் ஒன்று. கனடாவில் அது இன்னும் பலருக்குச் சிறுவயதுச் சாப்பாடு.

கோழி மலிந்ததும் ஒரு தனிக்கதை. ஊரில் கோழி என்றால் விருந்தாள் வர வேண்டும், ஒரு கோழியை வளவெல்லாம் துரத்த வேண்டும். வட அமெரிக்காவிலும் நெடுங்காலம் கோழி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாகத்தான் இருந்தது. 1940களில் அமெரிக்க வேளாண் துறையும் ஏ அண்ட் பி என்ற கடைத்தொடரும் சேர்ந்து 'நாளைய கோழி' என்று ஒரு போட்டி நடத்தின. நெஞ்சு பருத்த, வேகமாய் வளரும் இனத்தை உருவாக்குபவருக்குப் பரிசு. 1948இல் தேசிய அளவில் முடிவு வந்தது. இன்று எலும்பும் தோலும் இல்லாத நெஞ்சிறைச்சியைத் தட்டில் அடுக்கி விற்கிறார்கள் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. 1982இல் ஃபுளோரிடாவின் ஓர்லாண்டோவில் முதல் ஒலிவ் கார்டன் உணவகம் திறந்தது. 'சிக்கன் அல்பிரெடோ' என்ற பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனதில் அந்தத் தொடருக்குப் பெரிய பங்குண்டு.

ரொறொன்ரோவுக்கு இத்தாலியர் திரளாக வந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. காலேஜ் தெருவிலும் செயின்ற் கிளேயர் மேற்கிலும் குடியேறினார்கள். இந்த நகரத்தின் வீடுகளையும் சுரங்க வழிகளையும் கட்டியதில் அவர்களுடைய கை பெரிது. 1960 மார்ச் 17ஆம் திகதி, ஹாக்ஸ் ஹாலோ என்ற இடத்தில் தண்ணீர்க் குழாய்ச் சுரங்கத்துக்குள் தீப்பிடித்து ஐந்து இத்தாலியத் தொழிலாளர் இறந்தார்கள். ஒன்ராறியோவின் தொழிற் பாதுகாப்புச் சட்டங்கள் மாற அந்தச் சாவுகள் காரணமாயின. அவர்களையும் உள்ளி மணக்கிறதென்று ஒரு காலம் முகம் சுளித்திருக்கிறார்கள். எங்கள் கறி மணத்தைப் பற்றி அடுக்குமாடியின் மின்தூக்கிக்குள் கேட்ட அதே பேச்சுத்தான்.

பிறகு நாங்கள் வந்தோம். 1983க்குப் பிறகு. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மிதந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். செயின்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிகளில் ஒரு அறைக்கு ஐந்தாறு பேராக இருந்த ஆண்களுக்கு முதலில் கிடைத்த வேலைகளில் ஒன்று கோப்பை கழுவுவது. ஆங்கிலம் வேண்டாம், அனுபவம் வேண்டாம், இரவில் நிற்கத் தெம்பு இருந்தால் சரி. ஒருவர் உள்ளே போனால் அடுத்த ஆள் தேவைப்படும்போது மச்சானைக் கூட்டிப்போவார். இப்படித்தான் இந்த நகரத்து இத்தாலிய உணவகங்கள் பலவற்றின் பின்னறைகளில் தமிழ் கேட்கத் தொடங்கியது. முன்னால் மெழுகுதிரி வெளிச்சம், பின்னால் இளையராஜா.

என் அப்பா 1988 மாசியில் வந்தார். இரண்டு வருடம் கோப்பை கழுவினார். பிறகு வெங்காயம் உரித்தார், சாலட் போட்டார், கடைசியில் பாஸ்தா அடுப்புக்கு ஏறினார். அதில் 21 வருடம். வெள்ளிக்கிழமை இரவுகளில் நூறு, நூற்றிருபது தட்டு அவர் கையால் போகும். முன்கையில் இன்றும் வரிவரியாய்ச் சூட்டுத் தழும்பு. அவர் பெயர் எந்த மெனுவிலும் வந்ததில்லை. வீட்டில் ஒருநாளும் பாஸ்தா செய்ததும் இல்லை. நடுச்சாமம் ஒரு மணிக்கு வந்து, அம்மா மூடி வைத்த புட்டையும் மீன் குழம்பையும் சாப்பிடுவார்.

இந்த வருடம் மார்கழியில் ஒரு செவ்வாய். வீட்டில் 35 வீதக் கிரீம் இல்லை. கோப்பிக்கு வைத்திருந்த 10 வீதக் கிரீமை ஊற்றி, தேசிக்காய் பிழிந்து, அவசரத்தில் கொதிக்க விட்டேன். சோஸ் திரிந்து போயிற்று. சட்டி முழுக்கத் தயிர்க்கட்டியும் தண்ணீரும். மேசையில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த அப்பா மூக்கை நிமிர்த்தினார். எழும்பி வந்து அடுப்பை நிறுத்தினார்.

"முதற்பால் விட்டால் கொதிக்க விடுவியே பிள்ளை? இதுவும் அப்படித்தான்."

பாஸ்தாத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் ஊற்றப் போனவளின் கையைப் பிடித்தார். "அதை ஊத்தாதை. அதுதான் கஞ்சி. அதிலைதான் சரக்குக் கிடக்கு."

கிரீம் ஏன் வந்தது என்பது எனக்கு அன்றுதான் சரியாக விளங்கியது. வெண்ணெயும் சீஸும் மட்டும் போட்டுக் கிளறினால், பாஸ்தாத் தண்ணீரிலுள்ள மாப்பசைதான் கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்து வைக்கும். சூடு கூடினால் சீஸ் கட்டிபடும். ஆறினால் வெண்ணெய் பிரியும். ஒரு மேசைக்கு அதைச் செய்யலாம், நூறு தட்டுக்கு நின்று கிளற ஆளில்லை. கொழுப்புக் கூடிய கிரீம் கொதியையும் ஓரளவு புளியையும் தாங்கும். "கிரீம் இல்லாட்டி அந்த அடுப்பிலை ஒரு மனிசன் நிண்டு பிடிக்கேலாது" என்றார் அப்பா. வல்லுனர்கள் கொச்சை என்று சொல்லும் அந்தக் கிரீம், பின்னறையில் நிற்பவனுக்கு ஒரு ஊன்றுகோல்.

அன்று நீச்சலுக்குப் பிந்திப் போனோம். திரும்பி வந்து அம்மாவிடம் நேராகக் கேட்டேன். ஏன் இந்தச் சாப்பாட்டின் மேல் இவ்வளவு கோபம்? தமிழ்ச் சாப்பாடு இல்லை என்பதாலா?

அம்மா சலவை மடித்துக்கொண்டிருந்தார். "அந்த வெண்ணெய் மணத்தோடை அவர் சாமத்திலை வருவார். சேட்டை எத்தினை தரம் தோய்ச்சாலும் போகாது. நீ நித்திரை. நான் யன்னலடியிலை. இருவத்தொரு வருசம் மணந்தாச்சு. இனி அதைத் தின்னவும் வேணுமே?"

என்னிடம் 1154 இருந்தது, 1908 இருந்தது, 1948 இருந்தது. அம்மாவின் இருபத்தொரு வருடத்தை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. சோற்றை விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு என்னுடையது. அம்மாவின் துக்கம் வேறு.

அந்த ஞாயிறு, அம்மா இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியிருந்தார். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. இனெஸின் கதையை நான் அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கேட்டிருந்தார். மத்தியானம் அவரே அடுப்படிக்குப் போனார். கிரீமை எடுக்கவில்லை, கோழியையும் எடுக்கவில்லை. வெண்ணெய், சீஸ், ஒரு அகப்பை கஞ்சித்தண்ணி. அடுப்பை விட்டு விலகாமல் கிளறினார். ஆயிரக்கணக்கான அந்நியருக்கு ஆக்கிப் போட்டவர், மனிசிக்கு முதல் தடவையாகச் செய்த பாஸ்தா அது. கடைசியில் ஒரு செத்தல் மிளகாயைக் கையால் நொறுக்கி மேலே தூவினார்.

அம்மா தட்டை மணந்து பார்த்தார். பிறகு பாதியைச் சாப்பிட்டார்.

"உப்புக் காணாது" என்றார்.

அப்பா உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தார்.