மூதூர்ப் புளியமரத்தடியில் இருந்தவர் யார்?

சென்ற தவணை ஒருநாள் பத்தாம் வகுப்பில் இலக்கணப் பாடம் முடிந்து சிறிது நேரம் எஞ்சியிருந்தது. மூதூரில் 1893ஆம் ஆண்டு நாட்டப்பட்ட நினைவுக்கல்லின் படமொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். அன் என்னும் கப்பலின் கப்டன் றொபேட் நொக்ஸ் 1660இல் இந்த வெள்ளைக்காரன் மரத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார், கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்தார் என்பது அக்கல் கூறும் செய்தி. பிடிபட்டபோது நொக்ஸுக்கு வயது பத்தொன்பது என்று நான் சொல்லி முடிக்கவில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"பத்தொன்பது வயசில எப்பிடி சேர் கப்டனாகிறது?"

வெட்கப்பட்டுப் போனேன். கிண்ணியாப் பாலம் வருவதற்கு முன், சிறுவயதில் லோஞ்சேறி மூதூருக்குப் போன காலந்தொட்டு நானறிந்த கதை இது. இந்தக் கேள்வி ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை.

விடை எளியது. நொக்ஸ் ஒருவரல்லர், இருவர். தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். நம்மவர்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே வைத்துக்கொள்வதால் இத்தகைய குழப்பத்துக்கு இடமில்லை. கல்லில் எழுதியவர் இரண்டு வாழ்க்கையை ஒன்றாக்கிவிட்டார். புகழ் முழுவதும் மகனுக்குப் போயிற்று. புளியமரத்தடியில் இருந்த கிழவர் மறைந்துபோனார். அவரைத் தேடுவதுதான் இன்று என் நோக்கம்.

தேடுவதற்கு நமக்குள்ள சான்று மகன் எழுதிய நூலே. 1681இல் இலண்டனில் வெளிவந்து, பிற மொழிகளுக்கும் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பியர் இலங்கையைப் பற்றி அறியக் காரணமாயிருந்த நூல். கண்டி நாட்டின் உழவு, உணவு, வழக்காறு எல்லாம் அதில் விரிவாக உண்டு. தகப்பனைப் பற்றிய பக்கங்கள் சிலவே. ஆனால் என்னை நிறுத்திவைத்தவை அந்தச் சில பக்கங்கள்தாம்.

1658 சனவரியில் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்ட அன் கப்பல், 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கிப் பாய்மரத்தை இழந்தது. புதிய பாய்மரம் நாட்டவும், கூடவே வியாபாரம் செய்யவும் அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. நம்மவர் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி: அக்கப்பலில் பரங்கிப்பேட்டை வியாபாரிகளும் அவர்களுடைய புடைவைப் பொதிகளும் வந்தன. ஆகவே அது வெள்ளையர் மட்டும் வந்த கப்பலன்று.

கொட்டியாரம் அன்று கண்டி இராச்சியத்தின் கடல்வாசல். ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றியிருந்தார்கள். போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரை அழைத்து, பின் அவர்களாலேயே ஏமாற்றப்பட்ட இரண்டாம் இராசசிங்கன் எந்த அந்நியக் கப்பலையும் ஐயத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. சில நாட்கள் கரையில் அமைதியாகக் கழிந்தன. பின்னர் அரசனின் திசாவை படையோடு வந்து, அரசனிடமிருந்து கடிதம் கொண்டுவந்திருப்பதாகச் சொல்லியனுப்பினான். கப்டன் தம் மகனை அவனிடம் அனுப்பிவிட்டு, நீர்க்கரையிலிருந்த புளியமரத்தடியில் ஏழுபேரோடு காத்திருந்தார். அங்கேதான் அவர் பிடிபட்டார். நூலின்படி பார்த்தால் மகன் அவ்வேளை அந்த மரத்தடியிலேயே இல்லை!

அடுத்து நடந்ததுதான் கதையின் உயிர்நிலை. கப்பலையும் ஆற்றுக்குள் கொண்டுவரும்படி ஆளனுப்பவேண்டுமென்று திசாவை வற்புறுத்தினான். கப்டன் மகனை அனுப்பினார். ஆனால் கப்பலை உள்ளே கொண்டுவராமல் எச்சரிக்கையாயிருக்குமாறு மாலுமிகளுக்குச் சொல்லென்று இரகசியமாகக் கட்டளையிட்டார். செய்தியைச் சொன்னபின் மகன் தம்மிடம் திரும்பி வரவேண்டுமென்பது இன்னொரு கட்டளை. பையன் கப்பலேறினான். சுற்றிலும் தன் ஆட்கள், எதிரே திறந்த கடல். செய்தியைச் சொல்லிவிட்டு அவன் திரும்பவும் தோணியிலிறங்கிக் கரைக்கு வந்தான்.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. தந்தை சொல் கேட்டுக் காடு சென்றவன் கதையை அவர்கள் பாலர் வகுப்பிலேயே கேட்டவர்கள். ஆனால் தசரதன் அயோத்தியில் இறந்தான், மகன் வனத்தில் இருந்தான். இங்கே தகப்பனும் மகனும் ஒரே காட்டில்.

பிடிபட்டவர்கள் மொத்தம் பதினாறு பேர். கண்டி நாட்டுக்குக் கொண்டுபோய் மற்றவர்களை ஊரூராகப் பிரித்துவைத்தார்கள். தகப்பனையும் மகனையும் மட்டும் இப்போதைய குருநாகல் மாவட்டத்திலுள்ள பண்டாரகொஸ்வத்தவில் ஒன்றாக விட்டார்கள். இருவரையும் காய்ச்சல் பிடித்தது. சோறும் உப்புமே பெரும்பாலும் உணவு. மாதக்கணக்காகப் படுத்திருந்த கிழவர் மரணத்தறுவாயில் தம்மையே நொந்துகொண்டார். உன்னைத் திரும்பி வரச்சொல்லி நான் ஏன் கட்டளையிட்டேன், என் சொல்லுக்குப் பணிந்ததாலல்லவா நீ சிறைப்பட்டாய் என்ற பொருள்பட அவர் பேசியதை மகன் பதிவுசெய்திருக்கிறான். 1661 பெப்ரவரி 9ஆம் திகதி அவர் இறந்தார். மரத்தடியில் பிடிபட்ட கப்டனின் சிறைவாசம் பத்து மாதம்.

அடக்கம் செய்ய ஊராரிடம் உதவி கேட்டபோது, பிணத்தைக் காட்டுக்கு இழுத்துப்போக மாடு கட்டும் கயிறொன்றைக் கொடுத்தனுப்பினார்கள். அவர்களைக் கொடியவர் என்று நான் சொல்லமாட்டேன். பிணத்தைத் தொட்டால் தீட்டென்று அஞ்சும் வழக்கம் நமக்குப் புதியதா? நோயிலிருந்து எழும்பாத மகன், கையிலிருந்த சொற்பக் காசைக் கூலியாகக் கொடுத்து ஓராளை அமர்த்தி, தகப்பனை முறையாகப் புதைத்தான்.

பின்னைய கதை பலருக்குத் தெரிந்தது. தொப்பி பின்னியும் நெல் வட்டிக்குக் கொடுத்தும் ஊர்ஊராகச் சாமான் விற்றும் மகன் பிழைத்தான். 1679இல் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழனோடு தப்பினான். அநுராதபுரத்தை அடைந்தபோது, அங்கிருந்தவர்களுக்குத் தான் பேசிய சிங்களம் விளங்கவில்லை, அவர்கள் மலபார்கள் என்று எழுதுகிறான். அக்கால ஐரோப்பியர் தமிழரைக் குறித்த பெயர் அது. ஒக்டோபர் 18ஆம் திகதி இருவரும் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

ஊர் திரும்பியவன் பின்னர் தானே கப்டனாகி, மடகஸ்காரில் அடிமைகளை ஏற்றவும் கப்பலோட்டினான். பத்தொன்பது ஆண்டு சிறையிருந்தவனுக்கு இது எப்படி முடிந்தது? இதை வகுப்பில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, சொன்னேன். மணம் முடிக்காமலே 1720இல் அவன் இறந்தான். சிறையிருந்த காலத்தில், உடன் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவருக்கு உள்ளூர்ப் பெண்ணிடம் பிறந்த லூசியா என்னும் சிறுமியை அவன் வளர்த்திருந்தான். எலதெத்தவிலிருந்த தன் வீட்டையும் நிலத்தையும் அவளுக்கே விட்டுவைத்தான்.

அடுத்த பாடத்தன்று அதே மாணவன் கொப்பித் தாளொன்றைக் கொண்டுவந்தான். கல்லிலுள்ள செய்தியைத் திருத்தித் தமிழில் எழுதியிருந்தான். இரண்டு பெயர், இரண்டு வயது, பத்து மாதம், பத்தொன்பது ஆண்டு. ஒற்றுப்பிழை இரண்டு இருந்தது, சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தேன்.